காய்ச்சலோடு கேஷுவால்டிக்கு வருபவர்: சிஆர்பி, பிசிடியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ட்ரையாஜ்_மேசை

வயது வந்தோருக்கான காய்ச்சல் நெறிமுறையைத் திருத்தி எழுதுகிறோம். இப்போதைய வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் "ஃபீவர் பேனல்" என்று ஒரே டிக். சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை), சிஆர்பி (அழற்சியில் ஏறும் புரதம்), பிசிடி (புரோகால்சிட்டோனின், பாக்டீரியா தொற்றில் ஏறுவது), லாக்டேட், விடால் (டைஃபாய்டு டெஸ்ட்), டெங்கு கார்டு எல்லாம் லேபுக்குப் போய்விடும். ரிசல்ட் வந்த பிறகுதான் எதற்காக எடுத்தோம் என்று யோசிக்கிறார்கள்.

கேள்விகள்:

ஒன்று, பிசிடி எல்லாருக்கும் தேவையா, சிஆர்பி போதாதா?
இரண்டு, பிசிடிக்கு 0.5 என்ற கோடு எங்கிருந்து வந்தது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?
மூன்று, பிசிடி 0.2 என்று வந்தால் ஆன்டிபயாட்டிக் போடாமல் இருக்கலாமா? ஜூனியர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்.
நான்கு, நம் ஊர்க் காய்ச்சல்களுக்கு மேல்நாட்டுக் கட்-ஆஃப் பொருந்துமா?

எண்ணோடு பேசுங்கள். "கிளினிக்கலாகப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

---

தொற்றுநோய்_வார்டு

மூன்றாவது கேள்வியில் தொடங்குகிறேன், ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பிபி இறங்கிவிட்டது, புத்தி தடுமாறுகிறது, மூச்சு நிமிடத்துக்கு 30 என்று ஒருவர் படுத்திருந்தால் பிசிடி எவ்வளவு என்பது பேச்சே இல்லை. கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) எடு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போடு. செப்சிஸுக்கான (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) 2021 சர்வைவிங் செப்சிஸ் வழிகாட்டுதல் இதை நேராகவே சொல்கிறது: ஆன்டிபயாட்டிக் தொடங்குவதா என்று முடிவெடுக்க பிசிடியைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம், நோயாளியைப் பார்த்து முடிவெடுங்கள் என்று. பலவீனமான பரிந்துரைதான், சான்றின் தரமும் குறைவுதான். ஆனாலும் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெளிவு.

அதே வழிகாட்டுதலில் இன்னொரு வரியைப் பலர் கவனிப்பதில்லை. ஷாக் (ரத்த ஓட்டம் குலைந்த நிலை) இல்லை, செப்சிஸாக இருக்கலாம், உறுதியாகத் தெரியவில்லை என்ற நிலையில் 3 மணி நேரம் வரை துரிதமாகத் துருவிப் பார்க்க இடம் தருகிறது. சந்தேகம் தீராவிட்டால் அந்த 3 மணிக்குள் மருந்து போய்விட வேண்டும். பயோமார்க்கருக்கு (சிஆர்பி, பிசிடி போன்ற ரத்தக் குறிகாட்டிக்கு) கேஷுவால்டியில் வேலை இருக்கிறது என்றால் இந்த 3 மணி நேர ஜன்னலில்தான் இருக்கிறது. இரண்டு ஓரங்களிலும் அதற்கு வேலை இல்லை. மூக்கு ஒழுகி, தொண்டை கரகரத்து, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு வரும் 25 வயதுக்காரருக்கு எடுத்தால் வீண் செலவு. ஷாக்கில் இருப்பவருக்கு எடுத்துவிட்டுக் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

0.5 பற்றி: அது செப்சிஸுக்கான பழைய கோடு. நுரையீரல் தொற்று ஆய்வுகளில் வேறு ஏணி பயன்பட்டது: 0.1-க்குக் கீழே பாக்டீரியா இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, 0.1 முதல் 0.25 வரை குறைவு, 0.25-க்கு மேல் ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம், 0.5-க்கு மேல் கொடுக்கவே வேண்டும். எல்லாம் நானோகிராம்/மில்லிலிட்டரில். ஆக "பிசிடி பாசிட்டிவ்" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதையே நிறுத்தச் சொல்லுங்கள். எண், அலகு, காய்ச்சல் தொடங்கி எத்தனை மணி நேரம் என்ற மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அந்த வரிக்கு அர்த்தம்.

---

கெமிஸ்ட்ரி_பெஞ்ச்

அலகு என்று சொன்னதும் உள்ளே வரத் தோன்றியது. சிஆர்பியில் பாதிக் குழப்பம் லேபிலிருந்து போவதுதான்.

ஒரு லேப் மி.கி./லிட்டரில் தரும், இன்னொன்று மி.கி./டெசிலிட்டரில் தரும். நடுவே பத்து மடங்கு. வெளி லேப் ரிப்போர்ட்டில் "12" என்று இருப்பது மி.கி./டெசிலிட்டர் என்றால் நம் கணக்கில் 120. சாதாரண வைரல் என்று அனுப்பிவிட்ட ஆளுக்கு உண்மையில் நிமோனியா இருக்கும். நெறிமுறையில் முதல் வரியாகவே எழுதுங்கள்: எல்லா சிஆர்பியும் மி.கி./லிட்டரில் மாற்றி எழுதப்பட வேண்டும்.

ஹெச்எஸ்-சிஆர்பி (மிகச் சிறு அளவையும் பிடிக்கும் வகை) வேறு, சிஆர்பி வேறு. முன்னது இதய நோய் அபாயத்துக்காக வந்தது. 1, 3 என்ற அளவில் பேசும் டெஸ்ட். காய்ச்சல்காரருக்கு அதை எழுதினால் பல மெஷின்களில் மேல் எல்லை சீக்கிரமே தாண்டி, நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். செலவும் கூட, நேரமும் கூட.

அடுத்து ஸ்லைடு சிஆர்பி. சிறு ஊர் லேப்களில் இன்னும் லேடெக்ஸ் ஸ்லைடுதான் ஓடுகிறது. 50 மைக்ரோலிட்டர் சீரம், ஒரு சொட்டு லேடெக்ஸ் (ஆன்டிபாடி பூசிய துகள்கள்), 2 நிமிடம் சுழற்று, கட்டி தட்டுகிறதா என்று பார். பெரும்பாலான கிட்டில் கட்டி தட்டத் தேவையான குறைந்த அளவு சுமார் 6 மி.கி./லிட்டர். பாசிட்டிவ் என்றால் 1:2, 1:4, 1:8 என்று நீர்த்துக்கொண்டே போய், கடைசியாகக் கட்டி தட்டிய நீர்ப்பை 6-ஆல் பெருக்கினால் தோராய மதிப்பு கிடைக்கும். 1:16 வரை தட்டினால் சுமார் 96.

இதில் இரண்டு இடத்தில் தப்பு நடக்கும். 2 நிமிடம் தாண்டி ஸ்லைடைப் பார்த்தால் ஓரம் காய்ந்து பொய்யாகக் கட்டி தெரியும். இன்னொன்று அதைவிட மோசம்: சிஆர்பி மிக அதிகமாக இருக்கும் சாம்பிளை நீர்க்காமல் போட்டால் ஆன்டிபாடி துகள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிரம்பிப்போய் ஒன்றோடொன்று இணையாது; கட்டியே தட்டாது. இதற்குப் பெயர் புரோசோன். அதாவது 300 இருக்கும் நோயாளிக்கு "நெகட்டிவ்" என்று ரிப்போர்ட் போகும். ஆள் மோசமாக இருந்து ஸ்லைடு நெகட்டிவ் என்றால் 1:10 நீர்த்து மறுபடி போடச் சொல்லிக் கேளுங்கள்.

---

பிஜி_இரண்டாமாண்டு

மேடம், ஒரு சந்தேகம். காலையில் குளிர் காய்ச்சல் தொடங்கி மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய. சிஆர்பி 8, பிசிடி 0.3. தொற்று இல்லை என்று எடுத்துக்கொள்வதா, டெஸ்ட் தப்பு என்று எடுத்துக்கொள்வதா?

---

தொற்றுநோய்_வார்டு

இரண்டும் இல்லை. சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

சிஆர்பியைக் கல்லீரல் செய்கிறது, இன்டர்லூகின்-6 (அழற்சிச் சமிக்ஞைப் புரதம்) கட்டளை கொடுத்த பிறகு. ரத்தத்தில் ஏறத் தொடங்க 6 மணி நேரமாவது ஆகும். அதன்பின் ஏறக்குறைய 8 மணிக்கு ஒரு தடவை இரட்டிக்கும், உச்சம் தொட 36 முதல் 50 மணி நேரம். பிசிடி கொஞ்சம் துரிதம்: 3 முதல் 6 மணிக்குள் ஏறத் தொடங்கி ஒரு நாளுக்குள் உச்சம். இன்டர்லூகின்-6 இன்னும் முன்னால் ஓடும், ஆனால் அதே வேகத்தில் இறங்கியும் விடும். பல இடங்களில் இரவில் ஓட்டவும் மாட்டார்கள்.

ஆகவே உங்கள் உதாரணத்தில் 8-ம் 0.3-ம் எதையும் மறுக்கவில்லை. சிறுநீர் சொல்வதைக் கேளுங்கள்: கல்ச்சர், மருந்து. சந்தேகம் நீடித்தால் 6 முதல் 12 மணி கழித்து இரண்டாவது சாம்பிள். 8-ஆக இருந்த சிஆர்பி 12 மணியில் 60 ஆனால் அந்த ஏற்றமே பதில்.

இறங்குவதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிஆர்பியின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். நோய் எதுவானாலும் இது பெரிதாக மாறாது. ரத்தத்தில் இருக்கும் அளவை நிர்ணயிப்பது கல்லீரல் எவ்வளவு செய்கிறது என்பது மட்டுமே. பிசிடிக்கு சுமார் 24 மணி. ஆன்டிபயாட்டிக் போட்ட மறுநாள் காலை சிஆர்பி கூடியிருக்கிறது என்று மருந்தை மாற்றுவது வீண் பதற்றம். முந்தின நாள் கொடுத்த கட்டளைக்கு கல்லீரல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

---

இரவு_கன்சல்டன்ட்

எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு விளக்கம் கேட்டும் கேட்கிறேன்: இதனால் கேஷுவால்டியில் யாருக்கு என்ன மாறியது?

புரோஆக்ட் ஆய்வை எடுங்கள். அமெரிக்காவில் 14 மருத்துவமனைகள், 1,656 நோயாளிகள், 2018-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. கேஷுவால்டிக்கு நுரையீரல் தொற்று சந்தேகத்தோடு வந்தவர்கள். பிசிடி ரிசல்ட்டும் வழிகாட்டி அட்டையும் கையில் கொடுத்தார்கள். 30 நாளில் ஆன்டிபயாட்டிக் போட்ட நாட்கள் பிசிடி குழுவில் 4.2, வழக்கமான சிகிச்சைக் குழுவில் 4.3. அவ்வளவுதான் வித்தியாசம். பிரிட்டனின் நைஸ் அமைப்பும் 2015-இலேயே அவசரப் பிரிவில் இதை வழக்கமாக்க சான்று போதாது என்று சொல்லிவிட்டது.

சிஆர்பியைவிடப் பல மடங்கு விலை. நோயாளியின் வீட்டுக்காரர் கட்டும் பணம். எடுக்காமல் விட்டால் என்ன குறைந்துபோகும்?

---

தொற்றுநோய்_வார்டு

புரோஆக்டைச் சரியாகத்தான் சொன்னீர்கள் சார். ஆனால் அதற்கு முன்னால் வந்த ஸ்விட்சர்லாந்தின் புரோஹாஸ்ப்பையும் பக்கத்தில் வையுங்கள். 2009, 1,359 பேர், ஆறு மருத்துவமனைகள். அதில் ஆன்டிபயாட்டிக் 8.7 நாளிலிருந்து 5.7 நாளாகக் குறைந்தது, பாதகம் எதுவும் கூடவில்லை. ஒரே டெஸ்ட், ஒரே ஏணி. ஏன் இரண்டு விடை?

புரோஹாஸ்ப்பில் டாக்டர்கள் ஏணியைப் பின்பற்றினார்கள். புரோஆக்டில் எண் கைக்கு வந்தும் பலர் தங்கள் முடிவையே வைத்துக்கொண்டார்கள். அதோடு புரோஆக்டில் வந்தவர்களில் ஆஸ்துமா, சாதாரண பிராங்கைடிஸ் நிறைய; டெஸ்ட் இல்லாமலேயே மருந்து குறைவாகத்தான் எழுதினார்கள். குறைக்க இடமே இல்லாத இடத்தில் குறைக்கவில்லை என்பது ஆச்சரியம் இல்லை.

நிறுத்துவதற்கு பிசிடி உதவும் என்பதற்குச் சான்று இன்னும் உறுதியானது. 2024 கடைசியில் வந்த அடாப்ட்-செப்சிஸ், பிரிட்டன் ஐசியூக்களில் 2,760 பேர்: தினமும் பிசிடி பார்த்த குழுவில் ஆன்டிபயாட்டிக் சுமார் 0.9 நாள் குறைந்தது, இறப்பு கூடவில்லை. அதே ஆய்வில் சிஆர்பி பார்த்த குழுவில் நாள் குறையவில்லை. எனவே என் கட்சி இது: வார்டில் அட்மிட் ஆகப்போகிறவருக்கு, முதல் நாள் பிசிடி எடுப்பது அன்றைய முடிவுக்காக இல்லை, நான்காம் ஐந்தாம் நாள் நிறுத்துவதற்கான ஒப்பீட்டு எண்ணுக்காக. உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ 0.5-க்குக் கீழே வந்தாலோ, ஆளும் தேறியிருந்தால், நிறுத்தலாம். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பப்போகிறவருக்கு அது தேவையே இல்லை. இந்த இடத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

---

கணக்கு_பிடித்தவன்

எண் கேட்டார் இழையைத் தொடங்கியவர். இதோ.

2013-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த தொகுப்பாய்வின்படி செப்சிஸைக் கண்டறிய பிசிடியின் உணர்திறன் (நோய் உள்ளவரைப் பிடிப்பது) 77%, தனித்தன்மை (நோய் இல்லாதவரைச் சரியாக விடுவது) 79%. அது தீவிர நோயாளிகளிடம் எடுத்த எண். கேஷுவால்டிக்கு அப்படியே பொருந்தாது. கணக்குப் போட்டுப் பார்க்க மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ரிசல்ட் நோயின் சாதக-பாதக விகிதத்தை எத்தனை மடங்காக்கும் என்பது இது. பாசிட்டிவ் விகிதம்: 0.77 ÷ 0.21 = சுமார் 3.7. நெகட்டிவ் விகிதம்: 0.23 ÷ 0.79 = சுமார் 0.29.

நோயாளியைப் பார்த்ததும் பாக்டீரியா தொற்று இருக்க 60% வாய்ப்பு என்று நினைக்கிறீர்கள். பிசிடி கூடியிருந்தால் 85% ஆகும். குறைந்திருந்தால் 30% ஆகும். 30% வாய்ப்புள்ள செப்சிஸை யாராவது மருந்தில்லாமல் விடுவீர்களா? மாட்டீர்கள். ஆக இரண்டு ரிசல்ட்டுக்கும் ஒரே முடிவுதான். எடுத்தது வீண்.

மூக்கொழுகலோடு வந்தவருக்கு ஆரம்ப வாய்ப்பு 10%. பிசிடி கூடியிருந்தால் 29%. குறைந்திருந்தால் 3%. இங்கே கூடுதல் வந்தால் பத்தில் ஏழு பேருக்குப் பொய்யாக மருந்து.

நடுவில் 25-30% என்று வையுங்கள். இருமல், காய்ச்சல், எக்ஸ்ரேயில் தெளிவில்லாத நிழல், இதயச் செயலிழப்பும் இருக்கிறது. பாசிட்டிவ் வந்தால் 55-60%, நெகட்டிவ் வந்தால் 9-11%. இங்கே எண் முடிவை இரண்டு பக்கமும் நகர்த்துகிறது. படிவத்தில் பிசிடி டிக் பெட்டிக்கு மேலே ஒரு வரி சேருங்கள்: "ரிசல்ட் எப்படி வந்தால் என் முடிவு மாறும்?" அதை நிரப்ப முடியாவிட்டால் டியூப் எடுக்க வேண்டாம்.

---

இரவு_கன்சல்டன்ட்

இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு எவனும் நிரப்ப மாட்டான் 😀 டியூட்டி டாக்டர் மூன்று வார்த்தைக்கு மேல் எழுதும் படிவம் எங்கேயும் ஓடாது. மூன்று தேர்வு கொடுங்கள்: "தொடங்க", "நிறுத்த", "ஒப்பீட்டுக்கு".

---

வேலூர்ப்_பக்கம்

நான்காவது கேள்வியை யாரும் தொடவில்லையே. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

சிஆர்பி, பிசிடி, புதிதாக வரும் கிட் எல்லாமே "பாக்டீரியாவா, வைரஸா" என்று இரண்டே பெட்டி வைத்துச் செய்யப்பட்டவை. ஐப்பசி, கார்த்திகையில் நம் கேஷுவால்டிக்கு வரும் காய்ச்சல் அந்த இரண்டு பெட்டியில் அடங்காது.

மலேரியா ஒட்டுண்ணி. ஆனால் சிஆர்பி 100-ஐத் தாண்டும், பிசிடியும் பல மடங்கு ஏறும். அந்த எண்ணைப் பார்த்து செஃப்ட்ரியாக்சோன் போட்டுவிட்டு ஸ்மியரை (ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதை) மறந்தால் நோயாளி போய்விடுவார். ஸ்மியர் ஒரு தடவை நெகட்டிவ் என்றால் 12 முதல் 24 மணி இடைவெளியில் மூன்று தடவை பாருங்கள். ரேப்பிட் கார்டில் ஹெச்ஆர்பி-2 (ஒட்டுண்ணியின் புரதம்) கோடு பழைய ஃபால்சிபேரத்துக்குப் பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவாக நிற்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணிக் காய்ச்சல்) பாக்டீரியாதான். சிஆர்பி, பிசிடி இரண்டும் ஏறும். "பிசிடி கூடியிருக்கிறது, பாக்டீரியா, பைப்பராசிலின் போடு" என்று போனால் ஒரு பயனும் இல்லை, பெனிசிலின் இனமான பீட்டா-லாக்டம் எதுவும் அதைத் தொடாது. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை, அல்லது அசித்ரோமைசின். தீவிர நோய்க்கு இரண்டையும் சேர்த்து நரம்பில் கொடுப்பது தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று 2023-இல் இன்ட்ரஸ்ட் ஆய்வு காட்டியது. வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தியது அது. மார்க்கரைவிட இங்கே உதவுவது சட்டையைக் கழற்றிப் பார்ப்பதுதான். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ், இடுப்பில் துணி கட்டும் இடம், காதுக்குப் பின்னால் சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாது. நம் நிறத்தோலில் டார்ச் அடித்துத் தேடாவிட்டால் தப்பிவிடும். ஐஜிஎம் எலைசா (ஆன்டிபாடி டெஸ்ட்) முதல் ஐந்து நாளில் நெகட்டிவாக இருக்கலாம்.

லெப்டோவில் (எலிக்காய்ச்சல்) பிசிடி நன்றாக ஏறும். மஞ்சள் காமாலை போலத் தோன்றும், ஆனால் பிலிருபின் மிக அதிகம், என்சைம்கள் அந்த அளவுக்கு இல்லை, சிபிகே (தசைச் சேத என்சைம்) கூடுதல், கெண்டைக்கால் தொட்டால் வலி. இந்தக் கூட்டு எந்த ஒற்றை மார்க்கரைவிடவும் அதிகம் சொல்லும்.

டெங்குவில் சிஆர்பி பெரும்பாலும் குறைவாகவோ நடுத்தரமாகவோ இருக்கும். வெள்ளணு 3,000, தட்டணு இறங்குகிறது, சிஆர்பி 10 என்றால் டெங்குவை நினைக்கலாம். அதே ஆளுக்கு சிஆர்பி 120 வந்தால் டெங்கு கார்டு பாசிட்டிவாக இருந்தாலும் கூடவே வேறு எது ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். ஆனால் டெங்கு ஷாக்கில் குடல் சுவர் ஒழுகத் தொடங்கினால் பிசிடி தானாகவே ஏறும். ஷாக்கில் இருப்பவரின் பிசிடியை வைத்து எதையும் பிரிக்க முடியாது.

டைஃபாய்டு: வெள்ளணு சாதாரணம் அல்லது குறைவு, ஈசினோஃபில் பூஜ்யம், பிசிடி பெரும்பாலும் சுமாராகத்தான் ஏறும். முதல் வாரத்தில் ரத்தக் கல்ச்சர். விடாலை பேனலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒற்றை விடால் நம் ஊரில் பாதிப் பேருக்கு எதையாவது காட்டும்.

---

ட்ரையாஜ்_மேசை

வேலூர் சார், இது தனி அட்டையாகவே போகிறது. ஒரு கேள்வி: நம்மிடம் வருவதற்கு முன்பே பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் பாதி. டெக்சா (ஸ்டீராய்டு ஊசி) போட்டிருந்தால் மார்க்கர் என்ன ஆகும்?

---

வேலூர்ப்_பக்கம்

டெக்சா போட்டால் சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் ஏறும், லிம்ஃபோசைட்டும் ஈசினோஃபிலும் இறங்கும். நாளச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் ஓட்டத்துக்கு வந்துவிடுவதால் இந்த ஏற்றம். வெள்ளணு 16,000, என்எல்ஆர் (நியூட்ரோஃபில்-லிம்ஃபோசைட் விகிதம்) 12 என்று வந்ததும் பாக்டீரியா என்று முடிவு கட்டாதீர்கள். முதிராத பேண்ட் செல்கள் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா, நச்சுத் துகள்கள் தெரிகிறதா என்று ஸ்மியரில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டில் அவை அவ்வளவாக வராது. சிஆர்பி ஸ்டீராய்டில் மட்டுப்படும். பிசிடி அவ்வளவு பாதிக்கப்படாது, அதற்கு அது ஒரு பெருமை. காய்ச்சலும் இறங்கிவிட்டிருக்கும் என்பதால் ட்ரையாஜில் (வந்தவுடன் நிலை பார்த்துப் பிரிக்கும் இடம்) "காய்ச்சல் இல்லை" என்று எழுதுவதற்குமுன் "ஊசி எப்போது போட்டீர்கள், சீட்டு இருக்கிறதா" என்று கேளுங்கள்.

டோசிலிசுமாப் போட்டுக்கொள்ளும் மூட்டுவாத நோயாளிக்கு சிஆர்பி கிட்டத்தட்ட ஏறவே ஏறாது. இன்டர்லூகின்-6 கட்டளையே அடைபட்டிருக்கிறது. சிரோசிஸ் முற்றியவருக்கும் ஏற்றம் குறைவாகத்தான் இருக்கும், தொழிற்சாலையே பழுது.

---

பிஜி_இரண்டாமாண்டு

தொற்றே இல்லாமல் பிசிடி ஏறும் இடங்களையும் சொல்லிவிடுங்கள்.

---

தொற்றுநோய்_வார்டு

பெரிய விபத்துக் காயம், தீக்காயம், பெரிய ஆபரேஷனுக்குப் பின் முதல் இரண்டு நாள், இதயம் நின்று மீண்டவர், கார்டியோஜெனிக் ஷாக், தைராய்டின் மெடுல்லரி புற்றுநோய். சித்திரை, வைகாசியில் நமக்கு முக்கியம் வெப்பத் தாக்கு: உடம்பு 41 டிகிரி, புத்தி தடுமாற்றம், பிசிடி நன்றாக ஏறியிருக்கும். அங்கே முதலில் குளிர்விப்பு, செப்சிஸ் விவாதம் பிறகு.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அடிப்படை அளவே கூடுதல். 0.5 முதல் 1 வரை தொற்று இல்லாமலும் நிற்கலாம். ஹை-ஃப்ளக்ஸ் டயாலிசிஸ் பிசிடியில் ஒரு பங்கை வெளியே எடுத்துவிடும், எனவே சாம்பிள் டயாலிசிஸுக்கு முன்னால் எடுங்கள். பின்னால் எடுத்து "இறங்கிவிட்டது" என்று மகிழ வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு: மூடிய சீழ்க்கட்டி, எம்பயமா (நெஞ்சறைச் சீழ்), எலும்புத் தொற்று, சில எண்டோகார்டைடிஸ் (இதய உட்சுவர்த் தொற்று). தொற்று ஓர் இடத்தில் அடைபட்டிருந்தால் பிசிடி 0.2-இலேயே நிற்கும், சிஆர்பி 150 இருக்கும். சிஆர்பி மிக அதிகம், பிசிடி மிகக் குறைவு என்ற முரண் வந்தால் எங்கே சீழ் என்று ஸ்கேன் பாருங்கள். எங்கும் இல்லை என்றால் லூபஸ் தவிர்த்த மூட்டு, ரத்தநாள அழற்சி நோய்களை நினையுங்கள்.

வைரஸில் பிசிடி ஏறாமல் இருப்பதற்குக் காரணம் இன்டர்ஃபெரான்-காமா அதன் உற்பத்தியை அடக்குவது. அதனால்தான் இது சிஆர்பியைவிடக் கொஞ்சம் நன்றாகப் பிரிக்கிறது. அடினோவைரஸ், இன்ஃப்ளுயன்சா சிஆர்பியை 100 வரைகூடத் தூக்கும்.

கீமோ எடுத்து நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருப்பவரை இந்தப் பட்டியலுக்கே கொண்டுவராதீர்கள். காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரத்தில் மருந்து.

---

குழந்தைகள்_ஓபி

பெரியவர்களுக்கான நெறிமுறை என்றாலும் ஒரு எச்சரிக்கை, இரவில் குழந்தையும் அதே கேஷுவால்டிக்குத்தான் வரும்.

60 நாளுக்கு உட்பட்ட சிசுவில் பிசிடிக்கு உண்மையான இடம் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை அவசர சிகிச்சை ஆய்வு வலையமைப்பின் பெகார்ன் விதி, 2019: சிறுநீர்ப் பரிசோதனை சுத்தம், நியூட்ரோஃபில் எண்ணிக்கை 4,090 அல்லது கீழே, பிசிடி 1.71 அல்லது கீழே. மூன்றும் சேர்ந்தால் தீவிர பாக்டீரியா தொற்றுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அமெரிக்கக் குழந்தைநல அகாடமியின் 2021 வழிகாட்டுதல் இன்னும் கெடுபிடி: பிசிடி 0.5-க்கு மேல், சிஆர்பி 20-க்கு மேல், காய்ச்சல் 38.5-க்கு மேல் எது இருந்தாலும் அசாதாரணம். 21 நாளுக்கு உட்பட்ட குழந்தைக்கு எண் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். முழுப் பரிசோதனை, அட்மிஷன், மருந்து.

பிறந்த முதல் இரண்டு மூன்று நாளில் பிசிடி இயல்பாகவே ஏறி இறங்கும். அந்த வயதுக்கு மணிக்கணக்கு வாரியான தனி அட்டவணை இல்லாமல் பெரியவர்களின் 0.5-ஐ வைத்துப் படிக்கக் கூடாது.

---

கெமிஸ்ட்ரி_பெஞ்ச்

சாம்பிள் பக்கம் இன்னும் சில.

பிசிடிக்கு சீரமோ பிளாஸ்மாவோ, கிட் எதைச் சொல்கிறதோ அது. ஒரே நோயாளிக்கு இன்று சீரம், நாளை ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் வைக்கும் டியூப்) என்று மாற்றாதீர்கள், மெஷினையும் மாற்றாதீர்கள். ஒரு கம்பெனி மெஷினில் 0.6 வந்தது இன்னொன்றில் 0.4 வரலாம். நாள் 1 வெளி லேப், நாள் 4 நம் லேப் என்றால் 80 சதவீத இறக்கம் என்ற கணக்கே போச்சு.

ஃப்ளூரசென்ஸ் கார்டு ரீடர்களில் நடக்கும் தவறு: கார்டு பெட்டியோடு வரும் லாட் சிப்பை மாற்ற மறந்து பழைய சிப்பிலேயே ஓட்டுவது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கார்டை அறை வெப்பத்துக்கு வரவிடாமல் சாம்பிள் போடுவது. முழு ரத்தத்தில் சிஆர்பி பார்க்கும் கருவி ஹிமடோக்ரிட்டுக்கு (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) ஏற்பத் திருத்துகிறதா என்றும் பாருங்கள். ஹீமோகுளோபின் 5 இருப்பவரின் ஒரு சொட்டு ரத்தத்தில் பிளாஸ்மா கூடுதல், திருத்தாவிட்டால் சிஆர்பி பொய்யாகக் கூடும்.

முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை: ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் முறையில் ஓடும் சாண்ட்விச் டெஸ்டில் அதிக டோஸ் பயோட்டின் பிசிடியைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஒரு நாளைக்கு 5 மி.கி.க்கு மேல் சாப்பிடுகிறவரிடம் கடைசி மாத்திரைக்கு 8 மணி கழித்து எடுப்பது பாதுகாப்பு. கேஷுவால்டியில் காத்திருக்க முடியாது, ஆனால் கேட்டு எழுதி அனுப்பினால் நாங்கள் கவனிப்போம்.

லாக்டேட்: இது தொற்றின் மார்க்கரே இல்லை, திசு தவிப்பின் மார்க்கர். வலிப்பு வந்தவர், சால்பூட்டமால் நெபுலைசர் திரும்பத் திரும்ப வாங்கியவர், கல்லீரல் நோயாளி எல்லாருக்கும் ஏறும். எடுக்கும்போது சாம்பல் மூடி ஃப்ளூரைடு டியூப், ஐஸில், உடனே. சாதா டியூபில் வைத்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று லாக்டேட் செய்துகொண்டிருக்கும். ரிங்கர் லாக்டேட் டிரிப் ஓடும் கையில் எடுக்காதீர்கள்.

---

ட்ரையாஜ்_மேசை

எம்டிடபிள்யூ என்று புது கவுன்ட்டரில் ஒரு எண் வருகிறதே? மீமெட் கிட் பற்றியும் விற்பனைப் பிரதிநிதி வந்து பேசினார்.

---

கணக்கு_பிடித்தவன்

எம்டிடபிள்யூ மோனோசைட்டுகளின் அளவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் எண். பெக்மன் கூல்ட்டர் கவுன்ட்டரில் சிபிசியோடு சேர்ந்து வருகிறது, தனி டியூப் வேண்டாம். அதுதான் அதன் கவர்ச்சி: யாரும் செப்சிஸ் என்று நினைக்காத நோயாளியிடமும் எண் வந்து நிற்கும். கட்-ஆஃப் கே2 ஈடிடிஏ டியூபுக்கு 20, கே3-க்கு 21.5. உங்கள் ஸ்டோர் எந்த டியூப் வாங்குகிறது என்று பாருங்கள். ரத்தம் எடுத்து 2 மணிக்குள் ஓட்ட வேண்டும். நேரமானால் மோனோசைட் ஊதி எண் கூடும். குறைந்த எண் ஆறுதல் தரும், கூடிய எண் வைரஸிலும் வரும்.

மீமெட் பிவி மூன்று புரதத்தைச் சேர்த்து ஒரு மதிப்பெண் தருகிறது: ட்ரெயில், ஐபி-10, சிஆர்பி. ட்ரெயில் வைரஸில் ஏறும், பாக்டீரியாவில் இறங்கும், அது புதுமை. 15 நிமிடம். 0 முதல் 100 வரை. 35-க்குக் கீழே வைரஸ் பக்கம், 65-க்கு மேல் பாக்டீரியா பக்கம், நடுவே "தெரியாது". தெரியாது என்று சொல்லும் டெஸ்டை மதிக்கிறேன். ஆனால் வேலூர்க்காரர் சொன்ன இரண்டு பெட்டிச் சிக்கல் இதற்கும் உண்டு. பிரதிநிதியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஸ்க்ரப் டைஃபஸில், மலேரியாவில் மதிப்பெண் எப்படி வந்தது, தரவு இருக்கிறதா?

---

கல்ச்சர்_அறை

மார்க்கருக்குச் செலவழிக்கும் காசில் கல்ச்சரைச் சரியாக எடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஒரே பாட்டிலில் 3 மில்லி ரத்தம் வந்தால் ஒரு மார்க்கரும் காப்பாற்றாது. பெரியவருக்கு இரண்டு செட், இரண்டு வெவ்வேறு குத்து, ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8 முதல் 10 மில்லி. தோலில் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின், 30 விநாடி தேய்த்துக் காயவிடு. பாட்டில் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடை; மூடி சுத்தம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பட்டர்ஃப்ளை என்றால் ஏரோபிக் பாட்டில் முதலில், குழாயில் உள்ள காற்று அதற்குப் போகட்டும். ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னால். கான்டாமினேஷன் 3 சதவீதத்தைத் தாண்டினால் கோளாறு எடுக்கும் கையில் இருக்கிறது.

---

ட்ரையாஜ்_மேசை

நன்றி. பேனலை உடைத்தாகிவிட்டது: விடால் வெளியே, பிசிடி தனி டிக், மூன்று தேர்வோடு. ஒரு நடைமுறைக் கேள்வி மட்டும் மிச்சம். பிசிடி ரிசல்ட் வர எங்கள் லேபில் இரண்டரை மணி ஆகிறது. 3 மணி ஜன்னலுக்குள் எப்படி அடைப்பது?

---

கெமிஸ்ட்ரி_பெஞ்ச்

மெஷினில் டெஸ்ட் ஓட 20 நிமிடம்தான் பெரும்பாலும். மீதி இரண்டு மணி டியூப் ட்ரேயில் காத்திருக்கும் நேரமும் சீரம் உறைய விடும் நேரமும். உங்கள் கிட் ஹெப்பாரின் பிளாஸ்மாவை ஏற்கிறதா என்று பாருங்கள்; ஏற்றால் உறைவதற்கான அரை மணி மிச்சம். கேஷுவால்டி டியூபுக்கு வேறு நிற ஸ்டிக்கர் ஒட்டி பேட்ச் சேரும்வரை காத்திருக்காமல் நேராக ஏற்றச் சொல்லி லேப் பொறுப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அப்படியும் 90 நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் "தொடங்க" என்ற தேர்வைப் படிவத்திலிருந்து அடித்துவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் அவசரமில்லை, காலை பேட்சில் ஓட்டிக்கொள்ளலாம்.